1875 முந்தியா, 1879 முந்தியா?

கல்வெட்டு:
பொது அறிவுத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: '1879-ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்லெம் வுண்ட் உலகின் முதல் உளவியல் ஆய்வகத்தைத் தொடங்கினார், அன்றுதான் உளவியல் அறிவியலானது.' தேர்வு கைடைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் இருக்கும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1875-லேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வக அறை வைத்திருந்தார். கழித்தல் கணக்கு தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம்.

நொச்சி:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஜேம்ஸ் வைத்திருந்தவை மாணவர்களுக்குச் செய்து காட்டும் கருவிகள். அங்கே ஆராய்ச்சி எங்கே நடந்தது? லைப்சிக்கில் வுண்டின் மாணவர் மாக்ஸ் ஃப்ரீட்ரிஷ் 1879-80 குளிர்காலத்தில் சோதனை நடத்தி, அதற்கே முனைவர் பட்டம் வாங்கினார். சத்தம் கேட்டதும் தந்திச் சாவியை அழுத்த எவ்வளவு நேரமாகிறது என்று, ஆயிரத்தில் ஒரு நொடி வரை காட்டும் ஹிப் கருவியை வைத்து அளந்த இடம் அது.

கல்வெட்டு:
தம்பி, லைப்சிக் பல்கலைக்கழகம் அந்த ஆய்வகத்தை முறைப்படி ஏற்றது 1883-ல். அப்படியானால் 1879-ல் என்ன, ரிப்பனா வெட்டினார்கள்? செய்து காட்டும் அறை கணக்கில் வராதென்றால் அங்கீகாரம் இல்லாத அறையும் வராது. 1875. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பங்காய்:
ரெண்டு பேருமே தப்பு. ஜெர்மன் அறிஞர் ஃபெக்னர் 1860-லேயே உளஇயற்பியல் நூலை, அதாவது வெளித் தூண்டலுக்கும் மனம் உணர்வதற்கும் உள்ள தொடர்பை அளக்கும் நூலை, வெளியிட்டுவிட்டார். எடைகளைத் தூக்கித் தூக்கி, எது கனம் என்று ஆயிரக்கணக்கான தடவை குறித்துவைத்த மனுஷன் அவர். வுண்ட் பிறகு வந்து கடை போட்டவர்.

கல்வெட்டு:
ஃபெக்னரிடம் ஆய்வகம் இருந்ததா? இல்லை. பேச்சு ஆய்வகத்தைப் பற்றி. 1875.

நொச்சி:
முதலில், நான் தம்பி இல்லை. அப்புறம், உங்கள் ஜேம்ஸுக்கே அந்த ஆண்டு நிச்சயமில்லை! 1895-ல் இன்னொரு அமெரிக்க உளவியலாளரான ஸ்டான்லி ஹால், அமெரிக்க ஆய்வகங்களுக்கெல்லாம் தானும் தன் மாணவர்களுமே காரணம் என்கிற தோரணையில் எழுத, ஜேம்ஸ் கடுப்பாகி சயின்ஸ் இதழுக்குக் கடிதம் போட்டார். ஹார்வர்டில் தான் ஆரம்பித்தது 1874-75-லா, 1876-லா என்பது மறந்துவிட்டது என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அவருக்கே மறந்த தேதியை நீங்கள் கல்வெட்டில் செதுக்குகிறீர்கள்.

கல்வெட்டு:
அம்மணி, 74, 75, 76 எதை எடுத்தாலும் 79-க்கு முந்திதான். என் வாதத்தை நீங்களே நிரூபித்ததற்கு நன்றி. போன மாதம் மார்க்கோனி திரியிலும் இதே கதைதான், பதில் சொல்ல முடியாமல் நடுவில் காணாமல் போனீர்கள்.

நொச்சி:
காணாமல் போகவில்லை, திரியைப் பூட்டினார்கள். பூட்ட வைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். 'அம்மணி'யும் வேண்டாம்.

வேப்பங்காய்:
ஃபெக்னர் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தூண்டில்:
நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை ஆரம்பித்த சென்குப்தா, ஹார்வர்டில் மன்ஸ்டர்பர்க்கிடம் படித்தவர்.

கல்வெட்டு:
பார்த்தீர்களா, ஹார்வர்டு!

நொச்சி:
மன்ஸ்டர்பர்க் யார்? லைப்சிக்கில் வுண்டிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். தன் ஆய்வகத்தைக் கவனிக்க ஆள் தேடி 1892-ல் அவரை வரவழைத்ததே உங்கள் ஜேம்ஸ்தான். சொந்த ஆய்வகத்தில் நிற்கவே ஜேம்ஸுக்குப் பிடிக்கவில்லை. சலிப்பு என்றால் என்னவென்று தெரியாத நாட்டில்தான் இந்தச் சோதனை முறை பிறந்திருக்க முடியும் என்று 1890-ல் ஜெர்மன்காரர்களைக் கிண்டலடித்தவர்தானே!

கல்வெட்டு:
பிடித்ததா இல்லையா என்று யார் கேட்டது? முதலில் வைத்தது யார் என்பதுதான் கேள்வி. ஹாலும் ஜேம்ஸின் மாணவர்தான், 1878-ல் ஹார்வர்டு பட்டம். அதற்குப் பிறகுதான் லைப்சிக் போனார். 1875, 1875, 1875.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். மார்க்கோனியை இங்கே இழுக்க வேண்டாம்.

கல்வெட்டு:
நான் யாரையும் தாக்கவில்லை. ஒரு ஆண்டைச் சொன்னேன். அதைச் சொல்லக்கூட இங்கே அனுமதி வாங்க வேண்டுமா?

வேப்பங்காய்:
1860.