ஐந்து நாள் இறையியல் வகுப்பு: மலையகத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

உபதேசியார், ஹட்டன்:
ஐந்து நாள் வகுப்பு என்றால் படிப்பும் ஐந்து நாள்தான் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் திணறுகிறார்கள். நாளுக்கு ஆறு மணிநேரம் வைத்தாலும் 30 மணிநேரம்தான் தேறும். மீதிப் படிப்பு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. வாசிப்புப் பட்டியல் கைக்கு வந்த அன்றே தொடங்கிவிடுங்கள். எல்லாரும் வாசித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் விரிவுரையாளர் ஆரம்பிப்பார்; வாசிக்காதவருக்கு முதல் நாள் மத்தியானமே பிடி நழுவிவிடும்.

விண்ணப்பத்தோடு சபைக் குருவானவரின் சிபாரிசுக் கடிதத்தையும் வைத்துவிடுங்கள். எந்த மொழியில் நடக்கிறது, தங்குமிடம் உண்டா, கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழா அல்லது பட்டப்படிப்பில் சேர்கிற புள்ளியா என்று எழுத்தில் கேளுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரி 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து, பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தொடங்கியது. அதன் பட்டப்படிப்பு இந்தியாவின் செராம்பூர் கல்லூரியோடு இணைந்தது. எந்தக் கல்லூரியானாலும் ஒரு வார வகுப்பு பட்டத்தில் தானாகச் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முன்கூட்டியே ஆபீசில் லீவு சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களுக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது. வீட்டுச் செலவை அதற்கேற்பக் கணக்குப் பார்த்துக்கொண்டு போனால்தான் வகுப்பில் மனம் நிற்கும்.

ஞாயிறு பாடசாலை ஆசிரியை, பண்டாரவளை:
உபதேசியார் ஐயா சொன்னதோடு பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கம்பளை வழியாக வருகிறவர்கள் கண்டி டவுன் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பேராதனையில் இறங்கி கடுகண்ணாவைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தால் பிலிமத்தலாவை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம்; வார இறுதியில் ஹட்டன் பஸ்களில் நிற்கவும் இடம் இருக்காது. ஒக்டோபர், நவம்பர் மழையில் மண்சரிவால் ரோடும் ரயில் பாதையும் அடைபடும். திங்கள் காலை வகுப்புக்கு அன்று விடியக் கிளம்புவது சரிவராது, ஞாயிறு பின்னேரமே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

போதகர், நுவரெலியா:
வேதபகுதியை ஆராய்கிற வகுப்பைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். திரும்பி வந்து ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் செய்கிறவருக்கு அது நேரடியாக உதவும். போகுமுன், பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய நிருபத்தில் பழகிப் பாருங்கள். 25 வசனம்தான். அகல வரி விட்டுக் கொப்பியில் எழுதி, ஆட்களின் பெயருக்கு வட்டம் போடுங்கள், வேண்டுகோள் வருகிற இடத்துக்குக் கோடு போடுங்கள். பவுல் யாருக்காகப் பரிந்து பேசுகிறாரோ அந்த அடிமை ஒநேசிமுவின் பெயர் 10ஆம் வசனம் வரை வரவே வராது. அதற்குமுன் பவுல் பிலேமோனின் அன்பையும் விசுவாசத்தையும் சொல்லி நன்றி செலுத்துகிறார், கட்டளையிடத் துணிவிருந்தும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார். பெயரைச் சொல்லுமுன் எவ்வளவு பக்குவமாக வழியமைக்கிறார் என்பது பென்சில் கோட்டிலேயே தெரியும். 18ஆம் வசனத்தில் ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்கச் சொல்லி, 19இல் சொந்தக் கையால் எழுதினேன் என்று உறுதி கொடுக்கிறார்.

இங்கே அடிக்கடி நடக்கிற பிழை, வியாக்கியான நூலை முதலில் திறப்பது. அதைத் திறந்ததும் நம் கண் மூடிக்கொள்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளில் வாசித்து, வித்தியாசங்களைக் குறித்து, உங்கள் கேள்விகளை எழுதிய பிறகே வியாக்கியானத்துக்குப் போங்கள்.

கிரேக்கம் சொல்லிக்கொடுப்பவர், கண்டி:
புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தைப் படிக்கிற வாரத்துக்குப் போகிறவர்கள் அதன் 24 எழுத்துகளையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சிறிய எழுத்து முதலில். ஆங்கிலம் பழகிய கண்ணை ஏமாற்றுவது மூன்று: p போலத் தெரிவது ரகரம், v போலத் தெரிவது நகரம், n போலத் தெரிவது ஏகாரம். இந்த மூன்றும் கலங்கினால் புதன்கிழமை வரை எழுத்துக்கூட்டுவதிலேயே போய்விடும்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் நல்ல பிடி உண்டு. எ, ஏ, ஒ, ஓ என்று நம்மிடம் இருப்பது போல அங்கும் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து. வேற்றுமையும் நமக்குப் பழக்கம். கஷ்டம் கொடுப்பது ஆங்கிலத்தின் the போலப் பெயருக்கு முன்னால் வரும் சார்படை. நம்மிடம் அது இல்லை. பால், எண், வேற்றுமை பார்த்து அதற்கு 24 கட்டங்கள். அந்த அட்டவணையைத்தான் முதலில் மனப்பாடம் பண்ண வேண்டும், புதிய ஏற்பாட்டில் அதிகமாக வருகிற சொல் அது. வினைச்சொல் பிறகு.

உபதேசியார், ஹட்டன்:
வகுப்புக்குப் பிந்திய கட்டுரை பற்றியும் சொல்ல வேண்டும். நூலகப் புத்தகத்தை ஊருக்குக் கொண்டுவர முடியாமல் போகலாம். வியாழன் இரவே தலைப்பை முடிவுசெய்து, தேவையான பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், கொப்பி மெஷினுக்கும் வரிசை நீளும்.