'ஃபெக்ஹூட்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,
நகைச்சுவை அறிபுனை (அறிவியல் புனைவு) கதைத் தொகுப்பு ஒன்றின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்னுரையில் 'ஃபெக்ஹூட்' என்ற வகைக்கு மட்டும் சொல் அமையவில்லை. ரெஜினால்ட் பிரெட்னர் 1956-இல் தொடங்கிய குறுங்கதை வரிசையின் நாயகன் பெயரே வகைப்பெயராகிவிட்டது. கடைசி வரியின் சொல்விளையாட்டுக்காகவே முழுக்கதையும் கட்டப்பட்டிருக்கும். 'சிலேடைமுடிவுக் கதை' பொருந்துமா?

---

> சிலேடைமுடிவுக் கதை

சிலேடை வடசொல்லின் திரிபு. நன்னூலின் 32 உத்திகளில் 'இரட்டுற மொழிதல்' இருக்கக் கடன் எதற்கு? 'இரட்டுறுகதை' என்க. தொல்காப்பியச் செய்யுளியலும் உரைநடையை நான்காக வகுக்கையில் 'பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி', 'பொருளொடு புணர்ந்த நகைமொழி' இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. நகைச்சுவை அறிபுனைக்கு அங்கேயே இடம் உண்டு.

---

ஐயா, 'இரட்டுறுகதை' என்றால் கதை முழுவதும் இருபொருள் படும் என்றல்லவா ஆகும்? இங்கே இரட்டுறுவது ஈற்றடி மட்டுமே. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பிரிமொழிச் சிலேடைதான் (சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தருவது) இதற்கு நெருக்கம். 'பிரிமொழிக்கதை' எனலாம்.

எழுதும்போது கடைசி வரியை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகவேண்டும். 'பலகை கேட்டால் பல கை வந்தது' என்று முடித்தால் கண்ணுக்குப் பொருந்தும், காதுக்குப் பொருந்தாது. பலகையில் ககரம் மெலிந்து ஒலிக்கும். 'பல கை'யில் வல்லொலி. அச்சில் இடைவெளியும் காட்டிக்கொடுக்கும். 'வேங்கை' அப்படியல்ல. புலியானாலும், வேகின்ற கையானாலும் (வேம் + கை) எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. 'வேங்கை' என்று முடியும் எந்திரன் கதை எழுதினால், எந்திரனின் கை சூடாவதை முதல் பத்தியிலேயே போகிறபோக்கில் சொல்லிவிட வேண்டும். முடிவுக்குப் பக்கத்தில் சொன்னால் வாசகர் ஊகித்துவிடுவார்.

---

> பிரிமொழிக்கதை

எல்லாம் பிரிமொழி அன்று. ஆர்தர் சி. கிளார்க்கின் 1970 கதையொன்றில் நியூட்ரான் விண்மீனிடம் சிக்கிய கப்பல் சிதைந்து ஒரு ஸ்பானர் மிஞ்சும். அமெரிக்க நாட்டுப்பண்ணின் பெயரிலுள்ள ஒலிகளைப் புரட்டி அதற்குச் சூட்டுவதோடு கதை முடியும். அது சிலேடையே ஆகாது. 'சொல்முடிச்சுக் கதை' இரண்டையும் தழுவும்.

---

சிறுகதை விமரிசனத்தில் 'முடிச்சு' என்றால் அவிழ வேண்டிய சிக்கல் அம்மா. இங்கே அதுவே அவிழ்ப்பு. வாசகர் குழம்புவார்.

---

ஐவர் 'சிலேடைமுடிவுக் கதை', இருவர் 'சொல்முடிச்சுக் கதை', ஒருவர் 'இரட்டுறுகதை'. முதலாவதையே போடுகிறேன், முதலில் வருமிடத்தில் ஃபெக்ஹூட் என்ற பெயரும் சேர்ந்து நிற்கும். கிளார்க் கதைக்கு மட்டும் 'ஒலிப்புரட்டு' என்று அடிக்குறிப்பு.

---

ஒலிப்புரட்டு நல்ல சொல். சிலேடைக்கு என் மறுப்பு மாறவில்லை. மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.