தாய் எலி கடித்துக் குதறுது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. ரெண்டு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு வச்சிருக்கேன் (அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணியாச்சு, அதைக் கேட்காதீங்க). அதுங்க தீனிக்காக ஒரு ஆண், மூணு பெண் வெள்ளை எலி வளர்க்கிறேன். மூணுல ஒண்ணுதான் தலைவலி.

குட்டி போடுற வரைக்கும் தோள்ல ஏறி உட்கார்ந்த சாது அது. இப்போ மூடியைத் தூக்கினாலே முடி சிலிர்த்து, உடம்பைப் பக்கவாட்டில் வளைச்சுக்கிட்டு முட்ட வருது. நேத்து தண்ணி பாட்டில் மாத்தும்போது ஆள்காட்டி விரல்ல நகத்துக்குக் கீழே பல்லை இறக்கிடுச்சு, உதறியும் விடலை. சோப்பு போட்டுக் கழுவி, டாக்டரைப் பார்த்து ஊசியும் போட்டாச்சு.

குட்டியோட இருக்கிற தாய் சீறும், அது தெரியும். முதல் ஈத்துல 21 நாள்ல குட்டிகளைப் பிரிச்சதும் அடங்கிடுச்சு. இந்தத் தடவை ஆணைத் தனியா எடுக்காம விட்டது என் தப்பு. குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி சினையாகும்னு அப்புறம்தான் உறைச்சுது. குட்டிகளைப் பிரிச்ச வாரமே அடுத்த ஈத்து.

ஆணைப் பிரிச்சு ஒரு மாசம் ஓய்வு கொடுத்தா பழையபடி ஆகுமா? இல்ல, இனப்பெருக்கத்துல இருந்தே நிறுத்திடணுமா? அதோட பெண் குட்டிகள்ல ஒண்ணு இப்பவே விரலைக் கவ்வுது. இந்தக் குணம் வம்சத்துல வருமா, அதுங்களை வச்சுக்கலாமா?

"அப்படியே பாம்புக்குப் போடு"ங்கிறான் அண்ணன். கடிக்கிற எலியை உயிரோட உள்ளே விட்டா பாம்புக்குத்தான் காயம். நான் உறைய வச்சுத்தான் கொடுக்கிறேன்.

தோல் கையுறை போட்டுப் பழக்கினவங்க யாராவது இருக்கீங்களா?