"3 நகர்வுல மேட்"னு காட்டுது, ஆனா மேட் பண்ண மாட்டேங்குது – செஸ் என்ஜின் உதவி

கறுப்புக்குதிரை:
வணக்கம் நண்பர்களே. சி++ல ஒரு செஸ் என்ஜின் எழுதிட்டு இருக்கேன். ஆல்ஃபா-பீட்டா (வேண்டாத கிளைகளை வெட்டுற தேடல்), ஹாஷ் டேபிள் (ஏற்கனவே தேடின நிலைகளோட ஸ்கோரைச் சேமிக்கிற இடம்), நல் மூவ் (ஒரு முறை ஆடாம விட்டுப் பார்த்துத் தேடலைச் சுருக்குறது) எல்லாம் இருக்கு. பெர்ஃப்ட் (நகர்வுகளைச் சரியா உருவாக்குதான்னு எண்ணிப் பார்க்கிற சோதனை) சரியா வருது (ஆரம்ப நிலை, ஆழம் 5: 48,65,609). பிரச்சனை, ராஜாவும் யானையும் தனி ராஜாவை எதிர்க்கிற முடிவாட்டத்துல. "3 நகர்வுல மேட்"னு காட்டி யானையை நகர்த்துது. எதிராளி ஆடினதும் மறுபடி அதே "3 நகர்வுல மேட்". யானை அங்கிட்டும் இங்கிட்டும் போய் வந்து, ஒரே நிலை மூணு தடவை வந்து டிரா. ஜெயிச்ச ஆட்டம் இப்படிப் போறது வயிறெரியுது. மேட் மதிப்பு 32000, அதுல ரூட்டிலிருந்து (தேடல் தொடங்குற நிலை) உள்ள தூரத்தைக் கழிக்கிறேன்.

யானைமுனை:
முதல்ல ஹாஷ் டேபிளை அணைச்சுட்டு அதே நிலையை ஓட்டிப் பாருங்க.

கறுப்புக்குதிரை:
அணைச்சேன். ரொம்ப மெதுவா யோசிக்குது, ஆனா மேட் பண்ணிடுச்சு!

யானைமுனை:
அப்போ கோளாறு டேபிள்லதான். உங்க ஸ்கோர் ரூட்டிலிருந்து எண்ணினது. ஆனா டேபிள்ல ஒரு நிலைக்குச் சேமிக்கிறது அந்த நிலையிலிருந்தே எண்ணினதா இருக்கணும், ஏன்னா அதே நிலைக்கு வேற தூரத்துலயும் வந்து சேரலாம்.

உதாரணம்: வெள்ளை ராஜா ஜி6, யானை ஏ1, கறுப்பு ராஜா ஜி8. யானை ஏ8க்குப் போனா மேட். இந்த நிலை ரூட்டிலிருந்து 4 அரைநகர்வு (ஒரு பக்கம் ஒரு தடவை ஆடுறது ஒரு அரைநகர்வு) தள்ளி வந்தா, மேட் 5வதுல விழும், ஸ்கோர் 31995. அப்படியே சேமிச்சா, அடுத்த தேடல்ல இதே நிலை 2 தள்ளி வரும்போதும் 31995தான் கிடைக்கும். வரவேண்டியது 31997. கிட்ட இருக்கிற மேட்டும் தூரத்து மேட்டும் ஒண்ணா தெரியுறப்போ, என்ஜினுக்கு முன்னேறக் காரணமே இல்ல.

வழி: சேமிக்கும்போது மேட் ஸ்கோர்ல தூரத்தைக் கூட்டுங்க (31995 + 4 = 31999), எடுக்கும்போது அப்போதைய தூரத்தைக் கழிங்க. நாம மேட் ஆகுற எதிர்மறை ஸ்கோருக்கு நேர்மாறா. மத்த சாதாரண ஸ்கோரைத் தொடவே வேணாம்.

சிப்பாய்64:
இன்னொண்ணும் பாருங்க. இடைமுகம் யூசிஐ (என்ஜினும் இடைமுகமும் பேசிக்கிற நெறிமுறை) வழியா அனுப்புற பழைய நகர்வுகளால வந்த நிலைகளோட ஹாஷ் சாவிகளையெல்லாம் (ஒவ்வொரு நிலையையும் அடையாளம் காட்டுற எண்) அடுக்கிவைக்கிறீங்களா? கடைசி நிலையை மட்டும் வெச்சா, ஏற்கனவே வந்த நிலைன்னே என்ஜினுக்குத் தெரியாது. திரும்ப வருதாங்கிற சோதனை டேபிளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நடக்கணும். ரூட்ல டேபிள் ஸ்கோரை நம்பித் தேடலை வெட்டக்கூடாது. ஆடுறவர்கிட்ட ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருந்தா நல் மூவையும் நிறுத்திடுங்க, கட்டாய நகர்வுல விழுற மேட்டை அது மறைச்சிடும்.

கறுப்புக்குதிரை:
எல்லாத்தையும் செஞ்சேன். இப்போ 3, 2, 1னு இறங்கி மேட் விழுது. மனசு நிறைஞ்சுபோச்சு, ரொம்ப நன்றி! இது பலத்தை எவ்வளவு கூட்டுச்சுன்னு பார்க்க, பழைய பதிப்போட 100 ஆட்டம் போதுமா?

யானைமுனை:
போதாது. 100 ஆட்டத்துல பிழை வரம்பே ஏறத்தாழ 50 இலோ (ஆட்ட பலத்தை அளக்கிற புள்ளி) வரும். ஒரு ஓபனிங் கோப்போட, ஒவ்வொரு ஓபனிங்கையும் ரெண்டு நிறத்துலயும் ஆடவிட்டு எஸ்பிஆர்டி (ஆட்டம் நடக்க நடக்கவே முடிவை எடைபோடுற புள்ளியியல் சோதனை) போடுங்க. முடிவு உறுதியானதும் அதுவே நின்னுடும். ஸ்டாக்ஃபிஷ் என்ஜின்காரங்க ஃபிஷ்டெஸ்ட்ங்கிற அவங்க சோதனைத் தளத்துல மாற்றங்களை இப்படித்தான் சோதிக்கிறாங்க.