பொருள்: ஆண்டுதோறும் ஆயுள் நீட்டிக்கப்படும் சட்டங்கள் – ‘தவணைச் சட்டம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கெடு நெருங்கும் சட்டங்களைப் பட்டியலிட்டு, ஒரே மசோதாவின் மூலம் அவற்றுக்கு மேலும் ஓராண்டு ஆயுள் தருவது பிரிட்டன் நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் இருந்த வழக்கம். அந்த மசோதாவுக்கு நாம் தொகுக்கும் சட்டக் கலைச்சொல் பட்டியலில் முன்மொழியப்பட்ட தமிழ்ப் பெயர் ‘காலாவதிச் சட்டங்கள் புதுப்பிப்புச் சட்டம்’. இரண்டு சொற்களோடும் எனக்குப் பிணக்கு.

‘காலாவதி’ என்றதும் கெடு முடிந்துபோனதாகவே வாசகர் கொள்வார். அந்தச் சட்டங்களோ இன்னும் உயிரோடிருப்பவை. ‘புதுப்பிப்பு’ உரிமத்துக்குப் பொருந்தும்; சட்டத்தோடு சேர்த்தால் விதிகளைத் திருத்தியதுபோல் ஒலிக்கிறது. பெரும்பாலும் முடிவுத் தேதி மட்டுமே தள்ளிப்போகிறது. அதற்கு ‘நீட்டிப்பு’ போதும்.

‘தற்காலிகச் சட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். இரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1880 டிசம்பர் 31 தான் கெடு. பிறகு ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து 1918 வரை ஓட்டினார்கள். நாற்பத்தாறு ஆண்டு தற்காலிகம்! இலங்கையின் 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் மூன்றாண்டுக்கென வந்தது. 1982-இல் அந்த வரம்பையே நீக்கிவிட்டார்கள். பெயரில் மட்டும் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே குறுகிய ஆயுள் இவற்றின் இலக்கணம் அன்று. யாரும் எதுவும் செய்யாவிட்டால் தானாகவே விழுந்துவிடும் என்பதுதான் இலக்கணம்.

இந்த வேறுபாடு வெறும் சொற்சண்டை அன்று. இந்தியாவில் ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கினால், அதன்கீழ் நிலுவையில் உள்ள வழக்குகளைப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு காப்பாற்றும். கெடு முடிந்து தானே வீழும் சட்டத்துக்கு அந்தக் காப்பு இல்லை. தனியே விதி எழுதாவிட்டால் நடவடிக்கைகளும் அதோடு முடியும். 1950-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தையொட்டி எழுந்த கிருஷ்ணன் எதிர் மதராஸ் மாநிலம் வழக்கில், 1951-இலேயே உச்ச நீதிமன்றம் இந்தப் பொதுவிதியைப் பேசியிருக்கிறது. ‘நீக்கம்’, ‘முடிவு’ இரண்டையும் நம் பட்டியல் ஒரே சொல்லில் அடைத்தால் சட்டம் படிக்கும் மாணவர் தடுமாறுவார்.

என் முன்மொழிவு: தவணைச் சட்டம், தவணை முடிவு, தவணை நீட்டிப்பு. கெடு எழுதப்பட்ட பிரிவைத் ‘தவணைப் பிரிவு’ எனலாம். அதன் ஆங்கிலப் பெயரான ‘sunset clause’ என்பதை அப்படியே பெயர்த்துச் ‘சூரிய அஸ்தமனப் பிரிவு’ என்று எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி: மறைந்த சூரியன் எந்த வாக்கெடுப்பும் இல்லாமல் மறுநாள் உதித்துவிடுகிறதே, சட்டம் அப்படி உதிக்குமா? (‘கெடுச் சட்டம்’ என்றும் யோசித்தேன். எதிர்க்கட்சிகள் மட்டும் மகிழ்வார்கள்.)

மறுமொழி:

ஐயா, எங்கள் இலங்கைப் பக்கம் தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணை, இல்லையேல் நீதிமன்றத் தவணை. தமிழகத்திலோ கடனைத் தவணையில் கட்டுகிறீர்கள். சட்டத்தையும் பகுதி பகுதியாகக் கொண்டுவருகிறார்கள் என்று யாரும் எண்ணமாட்டார்களா? ‘காலவரைச் சட்டம்’ என்றால் குழப்பமில்லை.

மறுமொழி:

‘காலவரை’யில் தெளிவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பை வகுக்கும் சட்டம் வேறு இருக்கிறது. அதற்கு மிக அருகில் போய் நிற்கிறது இந்தச் சொல். நீங்கள் சொன்ன நீதிமன்றத் தவணை என் பக்கமே சாட்சி சொல்கிறது: குறித்த நாள், வேண்டுமானால் இன்னொரு நாள். கடன் தவணைக் குழப்பத்துக்கு விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

சொல் கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. நீட்டிப்பு மசோதா அவையில் இருக்கும்போதே பழைய சட்டத்தின் கெடு தீர்ந்துவிட்டால், மசோதா நிறைவேறியதும் கெடு தீர்ந்த நாளிலிருந்தே அந்த நீட்டிப்பு செல்லும் என்று 1808-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் செய்தார்கள். இடைப்பட்ட நாட்களில் செய்த செயலுக்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்ற காப்போடு. ‘முன்தேதியிட்ட நீட்டிப்பு’ என்றால் ஆவண மோசடி வாடை அடிக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள்.