கலைச்சொல் தேவை: ‘பிளைண்ட் ரிசர்ச்’

அன்புள்ள குழுவினருக்கு,
1999இல் வெளிவந்த ‘ஆல்ஃபா சென்டாரி’ கணினி ஆட்டத்தின் விதிப்பட்டியலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதில் ‘பிளைண்ட் ரிசர்ச்’ என்றொரு விதி உண்டு. அது நடப்பில் இருக்கும்போது, அடுத்து எந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்று ஆடுபவர் குறிக்க இயலாது. தேடல், அறிதல், கட்டல், வெல்லல் ஆகியவற்றுள் எதற்கு முதன்மை என்று மட்டுமே சொல்லலாம். ‘குருட்டு ஆய்வு’ என்று எழுதியிருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1
ஐயா, உடற்குறையை அறியாமைக்குப் பெயராக்க வேண்டாம். 1991இன் ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் சக்கரம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு, உரிய அளவு உழைப்பு சேர்ந்ததும் பெற்றுக்கொள்கிறோம். உண்மையான ஆய்வு அப்படி நடப்பதில்லை. 1928இல் பெனிசிலினைக் கண்ட ஃபிளெமிங் அதைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஆகவே ‘துழாவாய்வு’ என்பேன்.

மறுமொழி 2
‘துழாவு’, ‘ஆய்வு’ இரண்டின் புணர்ச்சியில் குறையில்லை; ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்ற நன்னூல் விதி இடந்தருகிறது. வேர்ப்பொருள்தான் இடிக்கிறது. குறுந்தொகை 167இல் தலைவி ‘தான் துழந்து அட்ட’து, அதாவது கிண்டிச் சமைத்தது, தீம்புளிப் பாகர் என்னும் புளிக்குழம்பு; பெரும்பாணாற்றுப்படையின் ‘துழவை’யோ கூழ். கிண்டுதலே இதன் முதற்பொருள் என்பது என் துணிபு. மறைவான ஆய்வு என்ற பொருளில் ‘மறையாய்வு’ போதும்.

மறுமொழி 3
‘மறையாய்வு’ என்றால் வேத ஆராய்ச்சி என்றல்லவா படிப்பார்கள்? மேலும், ஆய்வில் அறியாமை இருவகை. 1993இன் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ ஆட்டத்தில் எதை ஆராய்கிறோம் என்பது தெரியும். ஆனால் செலவு ஓரளவைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கண்டுபிடிப்பதற்கான வாய்ப்பு மட்டுமே கிட்டும், எந்தச் சுற்றில் கைகூடும் என்று சொல்ல முடியாது. ஆல்ஃபா சென்டாரியில் எத்தனை சுற்றில் முடியும் என்பதைக் கணிக்கலாம், முடிவில் வருவது எது என்பதுதான் தெரியாது. முன்னதை ‘நாளறியா ஆய்வு’ என்றும் பின்னதை ‘இலக்கறியா ஆய்வு’ என்றும் பிரிப்பதே முறை.

மறுமொழி 4
ஆட்டம் ஆடும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘அறியா’ போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமெல்லாம் எதற்கு அம்மா? ‘இலக்கு தெரியாத ஆய்வு’ என்றே எழுதலாமே.

தொடங்கியவர்
விதிப்பட்டியலின் கட்டத்தில் அவ்வளவு இடமில்லை. ‘இலக்கறியா ஆய்வு’ என்றே அனுப்புகிறேன்.

மறுமொழி 1
அனுப்புங்கள். எந்தத் துறைக்கு முதன்மை என்று தேர்ந்தவரை இலக்கறியாதவர் என்பது பொருந்தாது என்ற என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.