ட்ரையரில் துணி காயவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

முன்பு ஒரே ஓட்டத்தில் காய்ந்த துணி இப்போது இரண்டு முறை ஓடவிட்டாலும் ஈரமாகவே இருக்கிறது. டிரம் சுற்றுகிறது, சூடும் வருகிறது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் தட்டிவிடுகிறேன் (சரி, பெரும்பாலும்!). நேற்று அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், வலையில் இறங்காமல் தேங்கி நின்றது. துணியோடு ட்ரையரில் போடும் வாசனைத் தாள்கள் விட்ட படிவு போலிருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்த பிறகு ஓரளவு பரவாயில்லை.

ஆனாலும் இயந்திரத்தின் மேல்பக்கம் தொட முடியாத சூடு. வெளிச்சுவரில் காற்று போகும் மூடி சரியாகத் திறப்பதில்லை. அந்த மூடிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயில் பஞ்சு அடைத்திருக்குமோ? பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மின்சார ட்ரையர்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு குழாயை நானே கழற்றலாமா? நீளமான பிரஷ் போதுமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா? அப்புறம், பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு உலோகக் குழாய் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.